ஒன்பது எழுத்து வேட்பாளர்

ஜூலை 1, திங்கள்

இன்றைக்கும் ‘ண’ வரவில்லை. காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், மத்தியானம் வரைக்கும் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்று சுழியும் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கின்றன. நெருக்கி, தடியாக்கி, ஒன்றாகச் சேர்த்தால் உள்ளே இருக்கிற வெள்ளை எல்லாம் அடைத்துக்கொள்கிறது. பிரிண்ட் எடுத்து எட்ட நின்று பார்த்தால் கருப்பட்டி மாதிரி இருக்கிறது.

எழுத்துரு விற்கிற சென்னைக் கம்பெனி என்னிடம் கேட்டது இதுதான்: கோடு தடித்த, உடல் ஒல்லியான, உயரமான தமிழ் எழுத்து. தலைப்புக்கும் போஸ்டருக்கும் மட்டும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்கத் தெரிய வேண்டும், ஆனால் இடத்தை அடைக்கக் கூடாது. இங்கிலீஷில் இந்த ஜாதி எழுத்து கூடை கூடையாகக் கிடக்கிறது. தமிழில் என்ன செய்கிறோம்? சாதாரண எழுத்தை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து அமுக்குகிறோம். படுத்த கோடு தடியாகவே கிடக்கும், நின்ற கோடு ஈர்க்குச்சியாகப் போய்விடும். சங்கரன்கோவில் சுவரில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி முக்கால்வாசி அப்படி அமுக்கியதுதான். எங்கள் பிரஸ் நயினார் ஆப்செட்டில் அடித்ததும் அதில் சேர்த்தி.

நெருக்குவது வேறு, அமுக்குவது வேறு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சரி சரி, அந்தச் சடங்கு பேனரை முடிச்சிட்டியா?” என்று கேட்டார்.

சாயங்காலம் மங்கையும் கணபதிசுந்தரம் அண்ணனும் வந்தார்கள். மங்கை என் நாத்தனார், இவருடைய தங்கை. அண்ணன் அவள் வீட்டுக்காரர். பதினேழாவது வார்டுக்கு இரண்டு தடவை கவுன்சிலராக இருந்தவர். இந்தத் தடவை வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனால் மங்கை சுயேச்சையாக நிற்கிறாளாம்.

“நிக்கது அவ. பாத்துக்கிடப் போறது நான்,” என்றார் அண்ணன், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

மங்கை அடுக்களையில் என்னோடு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காய் தீர்கிற சமயத்தில், “மைனி, எனக்கு ஆசையாத்தான் இருக்கு,” என்றாள். அதற்குள் குக்கர் கத்திவிட்டது.

ஜூலை 3, புதன்

மணிக்கட்டு வலி. பெல்ட் போட்டுக்கொண்டு மவுஸ் பிடிக்கிறேன். ஒன்றுமில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அண்ணன் போஸ்டர் டிசைனோடு வந்தார். டிசைன் என்றால் அவர் மண்டைக்குள் இருந்தது. நடுவில் அவர், தலையிலிருந்து கால் வரைக்கும், கும்பிட்டபடி. மேலே ‘உங்கள் கணபதி’. வலது மூலையில் ஒரு வட்டம், அதற்குள் மங்கையின் ரேஷன் கார்டு படம். அடியில் ‘மங்கை கணபதி’.

“அவ பேரு மங்கையர்க்கரசில்லா அண்ணே?”

“அம்புட்டையும் எழுதினா ராஜபாளையம் வரைக்கும் போகும், தங்கச்சி. மங்கைன்னாப் போதும். கூப்பிடுகதே அப்படித்தானே?”

முழுப் பெயரையும் போட்டுப் பார்த்தேன். சாதாரணத் தடி எழுத்தில் போட்டால் எறும்பளவு. அமுக்கினால் படிக்கவே வரவில்லை. அவர் சொன்னதையே செய்து கொடுத்துவிட்டேன். எனக்கென்ன. எவர் கவுன்சிலர் ஆனாலும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான்.

ஜூலை 5, வெள்ளி

மங்கை மனுத் தாக்கல் செய்தாள். துணைக்கு வா என்று கூப்பிட்டாள், போனேன். சமையல் அப்படியே கிடந்தது.

நகராட்சி ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவள் போன் விடாமல் அடித்தது. எல்லாம் அண்ணனைக் கேட்டு வருகிற போன், எடுப்பது இவள். “முப்பிடாதி கோயில் தெருவா? கீழ வால்வத் தொறந்தா மேலத் தெருவுக்கு ஏறாதுக்கா. ஆறு மணிக்கு மேல சொல்லுதேன்.” வைத்த உடனே அடுத்தது. பத்து வருஷமாக அந்த வார்டில் எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்த லைட்டுக்கு எந்தக் கம்பம், எந்த வீட்டில் உதவித்தொகை நின்றுபோனது, எல்லாம் இவளுக்குத்தான் தெரியும். அண்ணன் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவார். மனு எழுதுவது இவள்.

“ஜெயிச்சிருவேனா மைனி?” என்று கேட்டாள். குழந்தை பரீட்சை முடித்துவிட்டுக் கேட்கிற மாதிரி. “போடி, உன்னய விட்டா யாரு?” என்றேன்.

மனுவில் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். க. மங்கையர்க்கரசி. ஒரு கட்டம் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. மனு வாங்கின குமாஸ்தா அம்மா சிரித்துவிட்டாள்.

ஜூலை 6, சனி

‘ண’ வரவில்லை. ‘கை’யும் வரவில்லை. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 8, திங்கள்

வேட்பாளர் பட்டியலும் சின்னமும் வந்துவிட்டன. மங்கைக்குத் தண்ணீர்க் குழாய். நல்ல ராசி என்று இவர்கூடச் சொன்னார். முழுப் பட்டியலையும் வாசித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

எதிராளி ஒரு வேலை செய்திருக்கிறார். இந்த ஊரில் யார் நின்றாலும் நடக்கிற வேலைதான், ஆனாலும் நம் வீட்டுக்கு வரும் என்று எவர் நினைக்கிறோம்? வடக்குத் தெருவில் எங்கேயோ ஒரு மங்கையைப் பிடித்து மனுப் போட வைத்திருக்கிறார்கள். க. மங்கை. வீட்டுக்காரர் பெயர் கருப்பசாமியாம். அவளுக்கு அடிபம்புச் சின்னம். சின்னதாக அச்சடித்தால் அடிபம்புக்கும் குழாய்க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அகர வரிசையில் ஓட்டு மெஷினில் முதலில் க. மங்கை, அதற்கு அடுத்தாற்போல க. மங்கையர்க்கரசி.

ஊர் முழுக்க நாங்கள் ஒட்டி வைத்திருப்பதோ ‘மங்கை கணபதி’. காசைக் கொடுத்து எதிராளிக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறோம்.

ஜூலை 9, செவ்வாய்

வீட்டில் ஒரே ரகளை. அண்ணன் கத்தினார், இவர் கத்தினார், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

“எதுக்குப் பதறுதிய? என் மூஞ்சியத் தெரியாதவன் இந்த வார்டுல எவன் இருக்கான்?” என்றார் அண்ணன்.

“உங்க மூஞ்சி மெசின்ல இருக்காதேண்ணே,” என்றேன். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அவர் என்னை முறைத்தார். அப்போதுதான் மங்கை எழுந்தாள். “என் பேரை முழுசாப் போடணும். எட்ட இருந்து பாத்தாலே அந்தப் பிள்ள வேற, நான் வேறன்னு தெரியணும்,” என்றாள். சொல்லிவிட்டும் உட்காரவில்லை.

“பத்தாதுட்டி. போஸ்டரு அகலம் அம்புட்டுத்தான். என் படத்த எங்க வைக்கது?”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “ரெண்டு நாள் குடுங்க. நான் பத்த வைக்கேன்,” என்று சொல்லிவிட்டேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார். “ரெண்டு வருசமா அந்தக் கம்ப்யூட்டர்ல வெளையாடுதா. ஒரு எழுத்து வெளிய வரல, இவ பத்த வைக்காளாம்!”

விளையாடுகிறேனாம். கழுவாத பாத்திரம் அப்படியே கிடக்கட்டும் என்று படுத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

தமிழ் முழுவதையும் முடிக்கத் தேவையில்லை, ஒன்பது எழுத்து போதும். ம, ங், கை, ய, ர், க், க, ர, சி. இது ஏன் நேற்றே தோன்றவில்லை? ‘ண’ அதில் இல்லை. அந்தச் சனியனைத் தூர வைத்தேன்.

‘ம’, ‘ய’ இரண்டும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள். ‘ர்’ சுலபம். ‘ங்’ தான் மடக்கி மடக்கிப் படுத்தியது. வெளிக்கோட்டைத் தடியாகவே விட்டுவிட்டு, உள்ளே மடங்குகிற கோட்டை மட்டும் மெலிதாக்கினேன். மூச்சு வந்துவிட்டது. எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்று இத்தனை நாள் பிடிவாதம் பிடித்தது எவ்வளவு முட்டாள்தனம்! கண்ணுக்கு ஒரே தடிமனாகத் தெரிந்தால் போதாதா?

புள்ளிக்குத் தலைக்கு மேலே இடம் விட்டால் எழுத்தின் உயரம் குறைந்துவிடுகிறது. அதனால் புள்ளி வைத்த எழுத்தை மட்டும் ஒரு மயிரிழை குட்டையாக்கி, புள்ளியைத் தட்டையாக்கி உள்ளே இழுத்தேன். இப்போது எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

ஜூலை 11, வியாழன்

‘கை’ வந்தது! க-வுக்கு முன்னால் நிற்கிற அந்தச் சங்கிலிக் கொம்புதான் இத்தனை நாளும் இடத்தைத் தின்றது. இரண்டு சுழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவிட்டேன். பாதி அகலம் மிச்சம்.

ஒன்பதையும் பெரிய தாளில் எடுத்து மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். ஆடி பிறக்கவில்லை, அதற்குள் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே இறங்கி, தெருவைத் தாண்டி எதிர் வரிசைக்குப் போய் நின்று பார்த்தேன். பூ விற்கிற பேச்சியம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். “அங்கன என்ன எழுதிருக்கு, சொல்லு பாப்போம்,” என்றேன்.

“மங்... கையர்க்... கரசி.” கையால் வெயிலை மறைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். “அடியாத்தி, நம்ம கவுன்சிலரு பொண்டாட்டியா? அவ பேரு இம்புட்டுப் பெருசா? நல்லாருக்கே!”

எனக்கு அழுகை வந்துவிட்டது, ரோட்டில் நின்றுகொண்டு. தூக்கமில்லாததுதான் காரணம். மேலே ஏறி, காய்ந்த துணியையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

புதுப் போஸ்டர். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மங்கையர்க்கரசி, தாளில் பாதி உயரத்துக்கு. கீழே ஒரு பக்கம் பெரிய குழாய், ஒரு பக்கம் அவள் முகம், சிரித்த மாதிரி. அண்ணன் படத்தை முழுசாக எடுத்துவிட்டிருந்தேன். மங்கை பார்த்துவிட்டு, “மூலையில வச்சிருங்க மைனி, பாவம்,” என்றாள். ஸ்டாம்பு அளவில் வைத்தேன்.

இவர் மிஷினை ஓட்ட மறுத்துவிட்டார். “மாப்ள வந்து பாக்காம எப்படி அடிக்கது? நாளைக்கு என் மூஞ்சில முழிப்பாரா?”

தேர்தல் போஸ்டர் அடிக்க வேண்டுமென்றால் அடிக்கச் சொல்கிறவர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போன தடவை அதில் கையெழுத்துப் போட்டது அண்ணன். மங்கை அந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்து இவரிடம் திரும்பினாள்.

“அண்ணே, வேட்பாளரு யாரு?”

“நீதான்.”

“போஸ்டருல யாரு பேரு?”

“உன் பேருதான், அதுக்கு என்ன இப்பம்?”

“அப்பம் பேனாவக் குடு.”

இவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு மிஷினைத் துடைக்கப் போனார். சாயங்காலத்துக்குள் எல்லாம் அடித்து முடிந்தது.

ஜூலை 13, சனி

அண்ணன் சுவரில்தான் பார்த்திருக்கிறார். ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே பிரஸ்ஸுக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுத் தேடினார்.

“என்னைய எங்க?”

மூலையைக் காட்டினேன்.

“இதா? செத்தவன் படங்கூட இதவிடப் பெருசாப் போடுவாவளே, தங்கச்சி!”

எவரும் சிரிக்கவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொண்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போய்விட்டார். மிச்சமிருந்த பழைய ‘மங்கை கணபதி’யையும் வீணாக்க வேண்டாமென்று மறுபடியும் ஒட்டச் சொல்லிவிட்டாராம். ஒரே சுவரில் இரண்டும் இருக்கின்றன.

ஜூலை 14, ஞாயிறு

மங்கை வீடு வீடாகப் போகிறாள். நானும் போனேன். கால் கெஞ்சுகிறது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய்ப்பால் பாயசம். கிண்டிக்கொண்டே நின்றபடி தூங்கிவிட்டேன், அடிப்பிடித்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவரைப் பற்றி நல்லதும் எழுத வேண்டுமல்லவா.

சென்னையிலிருந்து மெயில். மாதக் கடைசிக்குள் மொத்த எழுத்தும் வேண்டுமாம். ஒன்பதை அனுப்பி வைத்திருந்தேன். ‘ங்’ பிரமாதம் என்று எழுதியிருக்கிறார்கள், கூடவே ‘ண’ எங்கே என்றும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

காற்றில் எதிராளியின் பேனர் சட்டத்தோடு விழுந்து ஒரு ஆட்டோ கண்ணாடி உடைந்ததாம். நம் போஸ்டர் பசை போட்டு ஒட்டியது, நிற்கிறது.

ஜூலை 20, சனி

ஓட்டுப் போட்டாயிற்று. காலையிலிருந்து சாரல். ஷேர் ஆட்டோவில் போனேன். இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா நெருக்கலுக்கு இடம் கொடுத்துத் தானாகவே கொஞ்சம் முன்னால் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேருக்கும் வசதியாகிவிட்டது. அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன், அவளுக்குக் கோபம் வந்திருக்கும்.

மத்தியானம் பேச்சியம்மா பூ கொண்டு வந்தாள். “ரெண்டு மங்கை அடுத்தடுத்து இருந்துச்சு தாயி. ஒண்ணு கட்ட, ஒண்ணு நீளம். கட்டைய விட்டுட்டு நீளத்த அமுக்கினேன். செவுத்துல அப்படித்தானே நீளமா இருந்துச்சு?” அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு முழம் கூட வாங்கினேன்.

பின்னாலேயே கடைசி வீட்டு லாலா மிட்டாய்க் கடைக்காரர் வந்தார். “கணபதி பேர மேலருந்து கீழ வரைக்கும் தேடினேன், காணும். என்னத்தையோ அமுக்கிட்டு வந்துட்டேன்,” என்றார். தலையெழுத்து.

ஜூலை 21, ஞாயிறு

‘ண’ வந்துவிட்டது. நடுச் சுழியை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கினேன், அவ்வளவுதான். பெரிதாகப் பிரிண்ட் எடுத்து அச்சு மிஷினுக்கு மேலே கொடியில் மாட்டினேன். என்னவென்று எவரும் கேட்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

மங்கை ஜெயித்துவிட்டாள். முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம். அடிபம்பு மங்கைக்கு மட்டும் நூற்றுத் தொண்ணூறு போயிருக்கிறது. அந்தப் பழைய போஸ்டர் இன்னும் நான்கு சுவரில் ஒட்டியிருந்தால் போச்சு.

எண்ணுகிற இடத்துக்கு வெளியே மழையில் நின்றோம். பெயரை முழுசாக வாசித்தார்கள். மங்கை என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கட்டு உயிர் போயிற்று. மாலையை எல்லோரும் அண்ணன் கழுத்தில் போட்டார்கள், பழக்கதோஷம்.

ஜூலை 24, புதன்

காலையிலேயே அண்ணன் புது வேட்டியில் பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். முகத்தில் கோபமெல்லாம் காணோம். மங்கையும் வந்தாள், காதில் போன், கையில் பேனா. யாரோ மேலத் தெருக்காரருக்கு வால்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, நன்றி பேனர் ஒண்ணு போடணும். பஸ் ஸ்டாண்டு முன்னால, பெருசா.”

“சொல்லுங்கண்ணே.”

“என் படம் முழுசா, கும்பிட்ட மாரி. மேல நீ போட்டேல்லா அந்த எழுத்து, நெட்டையா, தடியா. சும்மா சொல்லக் கூடாது, ஊரே அதத்தான் பேசுது. அதுலயே கணபதிசுந்தரம்னு ஆளுயரத்துக்குப் போட்டுரு.”

“மங்கை பேரு?”

“அதுவும் இருக்கட்டும், அடியில.”

மங்கை போனில் பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை நாள் அலுப்பும் ஒன்றாகச் சேர்ந்து தோளில் உட்கார்ந்த மாதிரி.

“அண்ணே, அதுல ஒரு சிக்கல்.”

“என்னது?”

“உங்க பேருல ‘ண’ இருக்குல்லா?”

“ஆமா, இருக்கு.”

“அந்த எழுத்துல ‘ண’ இன்னும் வரல.”

மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற இவர் தலையைத் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை நான் மாட்டிய ‘ண’ அவர் தலைக்கு நேர் மேலே, காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கிளிப்பைக் கழற்றி, தாளை இறக்கி, நாலாக மடித்து, கையிலிருந்த மையை அதில் துடைத்துக்கொண்டார்.

“ஒரு எழுத்துதானே?” என்றார் அண்ணன். “எப்பம் வரும்?”

“கவுன்சிலர் பதவி எத்தன வருசம்ணே?”

“அஞ்சு.”

“அம்புட்டு ஆகும்,” என்றேன்.

மங்கை போனோடு வாசலுக்குப் போய்விட்டாள், சிரிப்பை அடக்க முடியாமல்.